மரணப் படுக்கையும் மருமக்களும்

தமிழ்ச் சிறுகதைகளில் வரும் மரணப் படுக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கட்டிலில் நடந்தவை போலத் தோன்றும். குடும்பத்தின் பெரியவர் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். மக்கள் சுற்றி நின்று அழுகிறார்கள். அவர் மெல்லக் கண் திறந்து ஒருத்தியின் கையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிறார், அல்லது பிணங்கி நின்ற அண்ணன் தம்பியரை ஒன்று சேர்க்கிறார், தலை சாய்ந்துவிடுகிறது. நம்மவர் எழுதும் கதைகளில் இவற்றுடன் கலிமாவும் ஜம்ஜம் நீரும் சேர்ந்துகொள்ளும். ஏளனமாக இதனைச் சொல்லவில்லை. இளமையில் இப்படி இரண்டு கதைகள் எழுதி அச்சிலும் பார்த்தவன் நான். ஆனால் அக்கதைகள் எதிலும், படுத்திருப்பவரின் அருகில் ஒருவர் அமர்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்? எங்கே இருக்க வேண்டும்? எது வேண்டாம்?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கதாசிரியர்கள் ஏன் அதனை எழுதவில்லை? நம் வீடுகளில் எவரும் கேட்பதில்லை, ஆகவே எழுதவில்லை. சாகிறவர் தாமாகவே பேசுவார், அதுவும் கடைசி நிமிடத்தில் தெளிவாகப் பேசுவார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மெய்யாகவே நோயாளியுடன் இரவு விழித்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த நிமிடத்தில் நாவு எழுவதில்லை. அவர் பேசக் கூடியவராக இருந்தது ஆறு மாதங்களுக்கு முன்பு. அப்போது நாம் பஞ்சாங்கத்தையும் பயிரையும் பேசிக்கொண்டிருந்தோம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது ஒன்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்க மிகவும் உரியவர் பெற்ற பிள்ளையன்று; மருமகனோ மருமகளோதான். நம் இலக்கியம் அவர்களை அந்தக் கட்டிலின் அருகே உட்கார வைக்கத் தவறிவிட்டது.

நம் பேரிலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாக விரிகிறது. நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்து, நம் ஆற்று வெள்ளத்தையும் மருத நிலத்தையும் அங்கே பாயவிட்ட புலவர் அவர். ஆயினும் அண்ணலாரின் இறுதி நாட்கள் அந்நூலில் இல்லை. காப்பியம் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பாட, பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வை இயற்ற வேண்டியிருந்தது. இது தற்செயலாக நேர்ந்ததே. இருந்தும் நம் வீடுகளில் ஓதப்பட்டதும் உரை சொல்லப்பட்டதும் பெரிய சீறாவே ஆதலால், மரணப் படுக்கைக்குச் சற்று முன்பே நின்றுவிடும் ஒரு பழக்கம் நம் செவிகளுக்கு வந்துவிட்டதோ என்று நான் எண்ணுவதுண்டு.

காப்பியம் நின்ற இடத்தில் ஹதீஸ் நிற்கவில்லை. புகாரி ஷரீபில் அண்ணலாரின் இறுதி நோயைப் பற்றிய பகுதியைப் படிக்கிறவர், அதன் வெளிப்படையான தன்மையைக் கண்டு வியப்பார். நோயின் கடுமையில் நாயகம் (ஸல்) அவர்கள் இருந்தபோது, வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தைப் புகட்டினார்கள். வேண்டாம் என்று சைகை காட்டியும், நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். தெளிவு வந்ததும் அண்ணலார் அதனை வினவினார்கள். தாம் தடுக்கவில்லையா என்று கேட்டு, அந்தச் செயலின்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். மருந்தின் நன்மை தீமையை இந்த நிகழ்ச்சி பேசவில்லை. 'நோயாளியின் வெறுப்பு' என்று நாம் ஒதுக்கிவிடுகிறோமே, அது அவருடைய சொல்லாக இருக்கக் கூடும் என்பதனை இது நமக்கு நினைவூட்டுகிறது. நம் வீட்டுக் கட்டில்களில் எத்தனை பேர் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்திருப்பார்கள்!

அதே பகுதியில் மற்றொரு செய்தி வருகிறது. அண்ணலாரின் அறையிலிருந்து வெளியே வந்த அலீ (ரலி) அவர்களிடம், எப்படி இருக்கிறார்கள் என்று மக்கள் வினவுகிறார்கள். இறையருளால் நலமாக இருக்கிறார்கள் என்று விடை வருகிறது. உடனே அப்பாஸ் (ரலி) அவர்கள் அலீயின் கையைப் பற்றித் தனியே பேசுகிறார்கள்: அப்துல் முத்தலிபின் மக்களுடைய முகத்தில் மரணம் எப்படித் தெரியும் என்று தாம் அறிந்திருப்பதாகவும், உள்ளே சென்று பின்னர் வரும் பொறுப்பு எவருக்கு என்று கேட்டுவிடுவது நல்லது என்றும் சொல்கிறார்கள். மருமகனார் மறுத்துவிடுகிறார்கள். கேட்டு இல்லையென்று ஆகிவிட்டால் அதன் விளைவு என்றும் நீங்காது என்பது அவர்களுடைய கருத்து. இதனுள் இருக்கும் வரலாற்று வாதங்களுக்குள் நான் புகவில்லை. அந்தப் பெரியோர்களின் முடிவை எடை போடும் தகுதி எனக்கில்லை. எழுத்தை ஆராய்பவன் என்ற அளவில் ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். முகத்தைப் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர், 'நலம்' என்று சொல்லும் மருமகன் ஒருவர், கேட்பதா விடுவதா என்று வாசலில் நடக்கும் உரையாடல் ஒன்று — இவ்வளவும் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைக்காமல் பதிவாகியிருக்கிறது. நம் கதைகளில் அந்த வாசல் காட்சி எங்கே?

கேட்டால் மவுத்தை அழைத்தாற்போல் ஆகிவிடும் என்று நம் பெண்கள் அஞ்சுவார்கள். அவர்களுக்கு ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைத்தான் சொல்ல வேண்டும். மக்காவில் உயிருக்கே ஆபத்தான நோயில் கிடந்தபோது அண்ணலார் அவரைக் காணச் சென்றார்கள். அவருக்கு வாரிசாக ஒரே மகள். பொருளில் மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்துவிடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றார்கள். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? அதற்கு இணக்கம் கிடைத்தது. அதுவே மிகுதி என்ற குறிப்புடன். இன்றுவரை நம் வஸிய்யத்துச் சட்டத்தின் எல்லைக்கோடு இந்தச் சிறிய உரையாடலிலிருந்துதான் பிறக்கிறது. அதன் பின் ஸஅத் மவுத்தாகிவிட்டாரா? இல்லை. எழுந்து, காதிஸிய்யாப் போரில் படை நடத்தி, மேலும் பல மக்களைப் பெற்று, நெடுங்காலம் வாழ்ந்தார். பேசியதனால் எவருக்கும் ஆயுள் குறைந்ததில்லை.

தமிழ் மரபிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. கம்பனின் வாலி அம்பு தைத்துக் கிடக்கையில், தன்னை வீழ்த்திய இராமனிடமே தன் விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தம்பி மதுவுண்டு பிழை செய்தால் அவன்மீது இந்த அம்பை ஏவாதே என்கிறான். மகன் அங்கதனை ஒப்படைக்கிறான். வாலி வதையின் நியாய அநியாயத்தை 'மூன்று வினாக்கள்' என்னும் நூலில் ஆராய்ந்தவர், நம் நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள். அம்பெய்தவன் பக்கம் எழும் கேள்விகள் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. என் கண்ணோட்டம் சற்று வேறானது. வாலியால் அவ்வளவு தெளிவாகப் பேச முடிந்ததற்குக் காரணம், எதிரே நின்றவன் தாரையுமல்லன், அங்கதனுமல்லன். உறவின் கண்ணீர் குறுக்கே வராத ஒருவன் நின்றான். தாரை வந்தபின் அந்தப் பேச்சு இல்லை, புலம்பல்தான்.

இக்கால இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'செல்லம்மாள்' தமிழில் மரணத்தைப் பற்றிய கதைகளுள் தலையாயது என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னையில் துணிக்கடைச் சிப்பந்தியாக உழலும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவியைத் தாயினும் மேலாகப் பேணுகிறார். சமைக்கிறார், மருந்து தருகிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். செல்லம்மாளுக்கோ ஒரே ஏக்கம்: தெற்கே தன் ஊருக்குப் போக வேண்டும். தெளிந்திருக்கும்போது அதைச் சாதாரணமாகச் சொல்கிறாள். பிதற்றலில், கணவனையே தன் தாய் என்று மயங்கி, ஊருக்குப் போய்விடுவோம், அவன் வந்தால் விடமாட்டான் என்று கெஞ்சுகிறாள். அவனைத் துரோகி என்கிறாள். இவ்வளவு பேணிய மனிதர் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பிள்ளையின் அன்பில் குறையில்லை. வறுமை ஒரு காரணம்தான். ஆனால் நெருக்கமும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன். அவள் ஊருக்குப் போவதென்றால் அவள் பிழைக்கமாட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கணவனுக்கு அது இயலாது. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆதலால் அந்த வீட்டில் மருமகளும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் அந்தக் கட்டிலருகே அமர்ந்திருந்தால் கதை என்னவாகியிருக்கும்? கதை கெட்டிருக்கும் என்பார்கள் நண்பர்கள். கெட்டிருக்கலாம். செல்லம்மாள் ஊருக்குப் போயிருப்பாள்.

தஞ்சை மண்ணின் பெரும் எழுத்தாளரான தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலில், அலங்காரத்தம்மாள் தன் முடிவைத் தானே அறிவித்துவிட்டுக் காசிக்குப் புறப்படுகிறாள். எவரும் கேட்கவில்லை, அவள் கேட்கக் காத்திருக்கவுமில்லை. காவிரிக்கரை நாவல்களில் நான் கண்ட மிகத் தெளிவான இறுதி விருப்பம் அதுதான். ஆனால் அது உடலில் வலிமையும், ரயிலேறும் துணிவும் உள்ளவளின் விருப்பம். படுத்துவிட்டவளுக்கு ரயில் இல்லை.

எனக்கு வேண்டிய மருமக்கள் உறவு முழுமையாகக் கிடைத்தது தமிழில் அன்று. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலீயிச்சின் மரணம்' என்னும் குறுநாவலில். நீதிபதி இவான் இலீயிச் நோயுற்றிருக்கிறார். மனைவியும் மருத்துவர்களும், இது ஒன்றுமில்லை, சொன்னபடி நடந்தால் சரியாகிவிடும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் வெளியூரிலிருந்து மனைவியின் சகோதரன் வருகிறான். நிமிர்ந்து பார்த்தவன் வியப்பொலி எழுப்ப வாயைத் திறந்து, அடக்கிக்கொள்கிறான். அந்த ஒரு கணம் போதும்; நோயாளி அறிந்துவிடுகிறார். பின்னர் கதவருகே நின்று, அந்த மைத்துனன் தன் சகோதரியிடம், இவர் செத்த மனிதர், உனக்குத் தெரியவில்லையா என்ற பொருள்படப் பேசுவதையும் கேட்கிறார். வீட்டார் அன்றாடம் பார்த்துப் பழகிய முகத்தை, சற்றே விலகி நின்ற சம்பந்தியின் கண்தான் படித்தது. அப்பாஸ் (ரலி) அவர்கள் படித்த முகத்தை நினைவு கூருங்கள்.

டால்ஸ்டாயின் நோயாளியை உடல் வலியைவிட அதிகம் வதைப்பது சுற்றியிருப்போரின் பொய். அந்தப் பொய்யில் சேராதவன் கெராசிம் என்ற பணியாள் ஒருவனே. நோயாளியின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருப்பவன். ஆனால் இங்கே டால்ஸ்டாயிடம் எனக்கு ஒரு மனக்குறை. மைத்துனனுக்கு உண்மை தெரியும். அந்த உண்மையை அவன் நோயாளியிடம் கொண்டுவரவில்லை, சகோதரியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். ஆசிரியரும் அவனைப் போகவிட்டுவிடுகிறார். மைத்துனனின் கண்ணும் கெராசிமின் தோளும் ஒரே மனிதனிடம் இருந்திருந்தால்! டால்ஸ்டாய்க்கே குறை சொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நானே அந்த மைத்துனனாக இருந்தவன், அங்கிருந்துதான் வந்தது.

கழிமுக நாட்டில் நம்மவர் வீடுகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை போன்ற உள்நாட்டு ஊர்களில் மருமகள் புகுந்த வீட்டுக்கு வருகிறாள். மாமியாரின் கடைசிக் காலம் அவள் கையில். அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிறார். இரண்டு வழக்கத்திலும் முடிவில் நோயாளியின் அருகே இருப்பவர் பெரும்பாலும் பெறாத பிள்ளைதான். பெற்ற ஆண்மக்கள் சபுரில் இருப்பார்கள்; சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா.

நான் கடலோர ஊரின் மாப்பிள்ளை. என் மாமியின் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உண்டு உறங்கினேன். பழைய தலைமுறைப் பெண்மணி. மாப்பிள்ளையின் முன் வந்து நிற்கமாட்டார். எது சொல்வதானாலும் கதவுக்குப் பின்னிருந்து, மகளின் பெயரைச் சொல்லி, எனக்குக் கேட்கும்படி சொல்வார். "மாப்பிள்ளைக்கு மீன் ஆணம் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பதுதான் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம். அந்த மரியாதையில் அன்பு இருந்தது, நான் மறுக்கவில்லை. நுரையீரல் நோய் முற்றி, ஒரு வெளியூரின் பெரிய மருத்துவமனையில் கிடந்தபோதுதான் அந்தக் கதவு இல்லாமற்போயிற்று. ஒரு மாலை, மகள் தொழுகைக்காகச் சென்றிருந்த நேரத்தில், என்னைக் கையசைத்து அழைத்தார். "மாப்பிள்ளை, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க." அவ்வளவுதான். நேருக்கு நேர் அவர் என்னிடம் சொன்ன சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் இவை கடைசி.

"எல்லாம் சுகமாயிடும் மாமி, இன்ஷா அல்லாஹ்" என்றேன் நான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எதையும் விட்டுவிடக் கூடாது என்று வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் அழுதான். அது அவனுடைய அன்பு. அவனை நான் குறை கூறமாட்டேன். கேட்டிருந்த ஒரே ஒருவன் நான்தான். அதனை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், செலவுக்குப் பயந்து மாப்பிள்ளை இப்படிப் பேசுகிறான் என்று நினைப்பார்களோ என்று அஞ்சினேன். பதினொரு நாட்களுக்குப் பின், ஜனாஸாவாகத்தான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மாப்பிள்ளை கேட்டால் சொத்துக்காகக் கேட்கிறான் என்பார்களே என்ற இந்த அச்சம்தான் நம் வீடுகளில் பாதி வாய்களை அடைக்கிறது. சட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு இடம் மிகக் குறைவு. மருமகனும் மருமகளும் ஷரீஅத்தில் வாரிசுகளே அல்லர். மகளுக்குரிய பங்கு, மகன் இருந்தால் அவன் பங்கில் பாதியென்று, முன்பே வரையறுக்கப்பட்டுவிட்டது. ஒரு வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத் பிற வாரிசுகள் இணங்கினாலொழியச் செல்லாது. மரண நோயில் கிடக்கும்போது எழுதிக் கொடுக்கும் அன்பளிப்பும் வஸிய்யத்தின் எல்லைக்குள்தான் நிற்கும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் செய்த திருத்தத்தால் நம் நஞ்சைக்கும் இதே கணக்குதான். உடல் நலத்தோடு இருக்கையில் செய்யும் ஹிபா வேறு. அது இங்கே பேச்சன்று. ஆக, படுக்கையருகே அமர்ந்து மருமகன் எதைக் கேட்டாலும், அவன் மனைவியின் பங்கில் ஒரு குழிகூடக் கூடப் போவதில்லை. சுயார்ஜிதச் சொத்தை முழுதும் விரும்பியவருக்கு எழுதிவைக்கக் கூடிய பிற சமூகத்தாரின் வீடுகளில் இந்தக் கேள்வி சங்கடமாக இருக்கலாம். நம் வீட்டில் அதனைத் தூய்மையாகக் கேட்க வழி செய்திருக்கிறது நம் சட்டம்.

அது மட்டுமன்று. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம் என்பதால், பத்தாண்டு படுக்கை மாற்றிய மருமகளுக்கு மாமியார் தன் காப்பையோ காணித் துண்டையோ விரும்பினால் விட்டுச் செல்லலாம். தந்தைக்கு முன்பே மவுத்தான மகனின் பிள்ளைகள், வேறு மகன் இருக்கையில் பங்கின்றி நிற்கிறார்களே, அவர்களுக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான் கதி. இத்தகைய பேரப் பிள்ளைகளின் கண்ணீரைக் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம்; 'வாப்பா, அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்கும் ஒரு பாத்திரத்தைப் பார்த்ததில்லை. வஸிய்யத்துக்குச் சாட்சி இருவர் என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. வாய்மொழியாகச் சொன்னாலும் இந்நாட்டு நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் வஸிய்யத்தை ஏற்கும். எனினும் எழுதி வைப்பதே குடும்பத்துக்கு நலம்.

பொருளைப் பற்றிய வஸிய்யத் நம்மிடம் பழையது. உடலைப் பற்றியது புதிது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாத நோயில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வரை கேட்டதால் அது ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரி 24 அன்று விதிகள் எளிதாக்கப்பட்டன; இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதவியிலுள்ள ஓர் அதிகாரியின் சான்றும் போதும். தனக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். மருத்துவமனையில் மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்பிய பின்னரே எதுவும் நடக்கும். உயிரைப் போக்குவது நம் மார்க்கத்தில் ஹராம். நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அந்தப் பேச்சே இங்கு இல்லை. கருவிகளைப் பொறுத்தவரை, 1986 அக்டோபரில் அம்மான் நகரில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, மூளையின் செயல் மீளாதபடி நின்றுவிட்டதை நிபுணர்கள் உறுதி செய்தால் சுவாசக் கருவியை அகற்றலாம் என்று முடிவு செய்தது. அதற்கு முந்திய நிலைகளில் எது ஆகும், எது ஆகாது என்பதனை அவரவர் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. நான் எழுத்தைப் பற்றி எழுதுகிறவன். ஃபத்வா என் வேலையன்று. ஆயினும் ஆலிமிடம் போய்க் கேட்பதற்கு முன்னர், நோயாளியிடம் கேட்டிருக்க வேண்டாமா?

அண்டை மாநிலத்தார் இதில் நம்மை முந்திவிட்டார்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தின் வழியில், மலப்புரம் மாவட்டத்து மாப்பிள்ளை முஸ்லிம்களும் பிறரும் ஊர் ஊராகத் தொண்டர்களாகி, படுத்துவிட்டவர்களின் வீடுகளுக்கே சென்று அமர்ந்து பேசுகிறார்கள். அயலார் ஒருவர் வந்து கேட்கும்போது, உம்மாவிடமும் வாப்பாவிடமும் வராத சொற்கள் வருகின்றன. நம் கழிமுகத்து மருமக்களுக்கு அந்த அயன்மையும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் உரிமையும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்த ஓர் இடம் வேறு எந்த உறவிலும் கிடைக்காது. நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல நிலைக்களன் எது? நாகூரிலிருந்து 1938இல் 'காதலா கடமையா' வெளியிட்ட சித்தி ஜுனைதா பேகம் முதல், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எழுதிய சல்மா வரை, நம் வீட்டின் உள்ளறைக் கதவைப் பெண்கள்தாம் திறந்திருக்கிறார்கள். இந்தக் கட்டிலையும் அவர்களுள் ஒருவரே எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். புகுந்த வீட்டில் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிய ஒருத்தி. நாயகி கண்ணீர் விடாமல், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்து அமரும் கதையாக அது இருக்கட்டும்.

சென்ற ஆண்டு என் மாமாவுக்கு எண்பத்து நான்கு வயது. இருதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமியின் நினைவு என்னை உறங்கவிடவில்லை. ஓர் அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அவரருகே அமர்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மாமா, இனிமேல் உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? நான் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்." அவர் நெடுநேரம் பேசவில்லை. தெருவில் போன ஒருவரின் ஸலாமுக்குப் பதில் சொன்னார். கோபம் வந்துவிட்டதோ என்று நான் எழ எண்ணினேன்.

"தஞ்சாவூரைத் தாண்டக் கூடாது" என்றார். "அங்கே முடியாதுன்னு சொன்னா வீட்டுக்கு. தொண்டையிலே குழாய் வேண்டாம். வலிக்கு மருந்து கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." பிறகு, குளிப்பாட்ட யார் யார் வர வேண்டும், கபர் மாமியின் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் அதற்காகச் சண்டை வேண்டாம், மூத்தவர் மவுத்தானதால் பங்கில்லாமல் நிற்கும் பேத்திகள் இருவருக்கும் வயலில் இன்ன துண்டு, கடைத்தெருவில் ஒருவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கி — ஒவ்வொன்றாக வந்தது. இவ்வளவும் எத்தனை ஆண்டுகளாக அவரிடம் காத்திருந்ததோ. நான் எழுதிக்கொண்டேன். முடித்ததும் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடன்காரரின் பெயரில் ஒரு றகரம் தவறு என்று திருத்தச் சொன்னார். பின்னர், மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் நம் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன்.